கட்டடத்துக்கு முன்னால் கூட்டம்: ஹெக்கோடு நீனாசம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சின்ன ஊரில் நாடக அரங்கம் வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், பேச்சு நேரே கட்டடத்துக்குப் போய்விடுகிறது. எத்தனை பேர் உட்காரலாம், மேடை எத்தனை அடி, ஒலிபெருக்கி யார் வாங்கித் தருவார்கள், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கணக்குப் போட்டு, எப்படியோ கட்டியும் முடித்துவிடுகிறார்கள். அப்புறம் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அது வாடகைக்குப் போகிறது. நாடகம் போட யாரும் வருவதில்லை, போட்டாலும் பார்க்க ஆள் இல்லை. இந்த வேலையை வேறு வரிசையில் செய்த ஓர் ஊரைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அங்கே முதலில் கூட்டம் சேர்ந்தது, அதற்கு இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் கட்டடம் வந்தது. சமூகக் கலை வேலை செய்யும் யாரும் இந்த ஒரு விஷயத்தை உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊரின் பெயர் ஹெக்கோடு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், சாகர் தாலுகா. சாகர் டவுனிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும், ஜோக் அருவி இருக்கும் பக்கம். மலைநாடு என்று சொல்கிற பகுதி, சுற்றிலும் பாக்குத் தோட்டங்கள், ஜூனில் பிடித்த மழை செப்டம்பர் வரை விடாது. டவுன் என்று சொல்ல முடியாது, கிராமம்தான். வீடுகள் கொத்தாக இல்லாமல் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். ராத்திரி நாடகம் பார்க்க வருகிறவர் கணிசமான தூரம் இருட்டில் நடந்து வந்து திரும்ப வேண்டியிருந்த காலத்தில் தொடங்கிய வேலை இது.

1949ல் ஊர்ச்சாமி நீலகண்டேஸ்வரர் பேரில் ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரின் சுருக்கம்தான் நீனாசம். ஆரம்பத்தில் அதில் பெரிய லட்சியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கர்நாடகத்தின் கூத்து வடிவமான யட்சகானமும் கம்பெனி நாடகமும் பார்த்துப் பழகிய ஊர், தோட்டக்காரர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு நாடகம் போட்டார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி நாடக சபா அந்தக் காலத்தில் தென்னிந்தியா முழுக்க இருந்தது, பெரும்பாலானவை ஒரு தலைமுறையோடு நின்றுபோயின. இது நிற்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வுக்கு வேண்டிய கேள்வி.

பதிலின் பாதி கே.வி. சுப்பண்ணா. 1932ல் பிறந்தவர், சங்கம் தொடங்கியபோது பதினேழு வயதுப் பையன். மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்தார், அங்கே கன்னடக் கவிஞர் குவெம்புவின் மாணவர். படித்து முடித்தவர் பெங்களூருக்கோ டெல்லிக்கோ போகாமல் ஊருக்குத் திரும்பிப் பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். சோசலிஸ்ட் தலைவர் லோகியாவின் கொள்கையில் பற்றுள்ளவர். அந்தப் பற்று எங்கோ தூரத்தில் படித்து வந்ததில்லை. 1951ல் இதே சாகர் தாலுகாவில் காகோடு என்ற ஊரில் குத்தகை விவசாயிகள் நிலச்சொந்தக்காரர்களை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார்கள், ராம் மனோகர் லோகியாவே வந்து கைதானார். அந்தச் சூட்டில் வளர்ந்த தலைமுறை அது. நாடகம் போடுவதும் நூல் போடுவதும் இவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1957ல் சுப்பண்ணா அட்சர பிரகாசன என்று ஒரு பதிப்பகம் தொடங்கினார், அதே கிராமத்திலிருந்து. பிற்பாடு கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தியின் பல நூல்கள் உட்படக் கன்னடத்தின் முக்கியமான விமர்சனமும் நாடக மொழிபெயர்ப்புகளும் இங்கிருந்துதான் வந்தன. நாடகச் சங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பதிப்பகத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாடகம் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். அதன் பிரதி அச்சில் வந்தால், பக்கத்துத் தாலுகாவில் இருக்கிற ஓர் ஆசிரியர் அடுத்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு அதையே எடுத்துப் போடலாம், போடாவிட்டாலும் படிக்கலாம். மேடையில் பார்த்ததைத் திரும்ப யோசிக்க ஒரு வழி கிடைக்கிறது. பார்வையாளர் வளர்வதற்கு இந்த மாதிரி இடம் வேண்டும்.

1970களின் தொடக்கத்தில்தான் நிலையான அரங்கம் எழுந்தது. அதற்கு சிவராம காரந்த் ரங்கமந்திரம் என்று பெயர் வைத்தார்கள். காரந்த் அப்போது உயிரோடு இருந்தார். நாவல், யட்சகானம், குழந்தைகளுக்கான கல்வி என்று ஒரே ஆள் பல வேலைகளைப் பார்த்தவர். ஒரு கிராமத்து அரங்குக்கு அரசியல்வாதி பெயரோ நன்கொடை கொடுத்தவர் பெயரோ வைக்காமல் ஓர் எழுத்தாளர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது. கட்டடம் வருவதற்குள் அந்த ஊருக்கு நாடகம் பார்த்தும் போட்டும் இருபது வருடத்துக்கு மேல் பழக்கம் ஆகிவிட்டிருந்தது. அதனால் திறந்த நாளிலிருந்தே அந்த இடத்தை என்ன செய்வது என்ற குழப்பம் வரவில்லை.

சினிமா வந்தது ஏன்

நாடகச் சங்கம் 1973ல் ஒரு திரைப்படச் சங்கமும் ஆரம்பித்தது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்துத் திரைப்படச் சங்கம் என்பது நகரத்து விஷயம். கல்கத்தா, பம்பாய், சென்னை, பெங்களூர் மாதிரி ஊர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் கூடி, கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே ஐரோப்பியப் படம் பார்ப்பார்கள். ஹெக்கோட்டுக் கூட்டத்தில் அந்த வரிகளைப் படிக்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். பலருக்குக் கன்னடமே எழுத்துக்கூட்டித்தான். இந்த நிலையில் எவரும் எடுக்கக்கூடிய சுலபமான முடிவு, இவர்களுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது கல்விப் படம் போடுவோம் என்பது. ஹெக்கோட்டில் அப்படிச் செய்யவில்லை. சத்யஜித் ராய், குரோசாவா என்று உலகம் கொண்டாடுகிற படங்களையே கொண்டுவந்தார்கள். படத்துக்கு முன்னால் கன்னடத்தில் விளக்கம் சொன்னார்கள், முடிந்ததும் உட்கார்ந்து பேசினார்கள். புனேயிலிருந்து, திரைப்பட ரசனையை இந்தியாவில் ஒரு பாடமாகவே நிறுவிய சதீஷ் பகதூர் வந்து ஊர்க்காரர்களுக்கு முகாம் நடத்தினார். சினிமாவை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றிச் சுப்பண்ணா கன்னடத்தில் எழுதவும் செய்தார்.

யோசித்துப் பாருங்கள். பாக்கு உரிக்கிறவரும் கடை வைத்திருப்பவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஜப்பானியப் படம் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புரியாது என்று முன்கூட்டியே யாரும் தீர்மானிக்கவில்லை. ஒன்று தெரியாவிட்டால் சொல்லித்தரலாம், சொல்லித்தர ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அவர்கள் மொழி வேண்டும். இந்த மூன்றையும் கொடுத்தார்கள். 'கிராமத்து ஜனங்களுக்கு இது போதும்' என்று நினைத்துக்கொண்டு போகிற கலைத் திட்டங்கள் எத்தனையோ உண்டு. அவை பெரும்பாலும் துண்டுப் பிரசுரத்துக்கு வேஷம் கட்டிவிட்ட மாதிரி இருக்கும், கை கழுவுவது எப்படி, சேமிப்பது எப்படி என்று. அந்தச் செய்திகள் தேவைதான், ஆனால் அதை மட்டுமே தருகிறவர் எதிரே இருக்கிற ஆளைத் தனக்குச் சமமாக நினைக்கவில்லை. ஹெக்கோடு இந்தத் தாழ்வை ஆரம்பத்திலேயே தவிர்த்தது, எல்லாமே அதிலிருந்துதான் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் திரைப்பட ரசனை முகாம்தான் பின்னால் விரிந்து, 1990 வாக்கில் கலாசார முகாம் ஆனது. அக்டோபரை ஒட்டி வருடா வருடம் நடக்கும். கர்நாடகம் முழுவதிலுமிருந்து ஆசிரியர்கள், மாணவர்கள், வங்கி ஊழியர்கள், விவசாயிகள் பதிவுசெய்து வந்து சில நாள் தங்கி, பகலில் இலக்கியம், சமூகம், இசை, சினிமா பற்றிய பேச்சும் விவாதமும் கேட்டு, ராத்திரி நாடகம் பார்ப்பார்கள். அனந்தமூர்த்தி போன்றவர்கள் வருடா வருடம் வந்து பேசியிருக்கிறார்கள். நடிகராக ஆகவேண்டும் என்று வருகிறவர்களுக்கான இடம் இல்லை இது, பார்க்கவும் கேட்கவும் வருகிறவர்களுக்கானது. ஒரு நாடக நிறுவனம் தன் வருடத்தின் முக்கியமான நாட்களைப் பார்வையாளர்களுக்கென்றே ஒதுக்குவதை நான் வேறெங்கும் இவ்வளவு பிடிவாதமாகப் பார்த்ததில்லை.

பள்ளியும் பயணக் குழுவும்

1980ல் நாடகப் பள்ளி தொடங்கியது. பத்து மாதப் படிப்பு, எல்லாம் கன்னடத்தில். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போகவேண்டும் என்றால் இந்தியோ ஆங்கிலமோ தெரிந்தாக வேண்டும், அந்த ஊரின் விலைவாசியையும் தாங்க வேண்டும். தன் தாய்மொழி மட்டும் தெரிந்த ஒரு கிராமத்துப் பையனோ பெண்ணோ ஷேக்ஸ்பியரையும் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டையும் நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரதரையும் முறையாகப் படிக்க இங்கே ஒரு கதவு திறந்தது. அங்கேயே தங்கி, நடிப்போடு ஒளியமைப்பு, மேக்கப், செட் போடுவது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் வைமார் நகரத்து இயக்குநர் ஃபிரிட்ஸ் பென்னெவிட்ஸ் இங்கே வந்து வேலை செய்திருக்கிறார். இன்று கன்னட சினிமா பார்க்கிறவர்களுக்கு அச்யுத் குமாரைத் தெரியும், சதீஷ் நீனாசம் தன் பெயரோடேயே நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டு வலம்வருகிறார். இருவரும் இங்கே படித்தவர்கள்.

ஆனால் வருடா வருடம் படித்துவிட்டு வெளியே வருகிற இளைஞர்களுக்கு வேலை? இங்கேதான் 1985ல் தொடங்கிய திருகாட்ட வருகிறது. இது ஓர் ஊர் சுற்றும் நாடகக் குழு. பள்ளியில் படித்தவர்களை வைத்து மழைக்காலத்தில் ஒத்திகை, அக்டோபர் முகாமில் அரங்கேற்றம், பிறகு சில மாதம் கர்நாடகம் முழுக்கப் பயணம். மலைநாட்டு மழையில் வெளியே போய் நாடகம் போட முடியாது, மழை விட்டபின் திறந்தவெளியில் தாராளமாகப் போடலாம். வானிலையே அட்டவணையைப் போட்டுக் கொடுத்துவிட்டது.

நாடகத் தேர்வில் ஒரு கணக்கு உண்டு. ஒன்று கன்னட நாடகம், ஒன்று சமஸ்கிருதத்திலிருந்தோ வேறு இந்திய மொழியிலிருந்தோ வந்தது, ஒன்று மேற்கத்திய நாடகத்தின் மொழிபெயர்ப்பு, முடிந்தால் குழந்தைகளுக்கும் ஒன்று. வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை கூடும் குறையும், பொதுவில் போக்கு இதுதான். ஒரே குழுவே எல்லா நாடகங்களிலும் நடிக்கும். இன்று ராஜாவாக வந்தவர் நாளை வாசலில் நிற்கும் காவலாளி. ஓர் ஊரில் இரண்டு, மூன்று ராத்திரி தங்கினால் அந்த ஊர்க்காரர் அதே முகங்களை வேறு வேறு வேடத்தில் பார்ப்பார். நடிப்பு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், வண்டி ஊருக்குள் வந்து நிற்கும், பெரும்பாலும் ஒரு பள்ளி மைதானம் அல்லது ஊர்மண்டபம். நடிகர்களே செட்டை இறக்குவார்கள், கம்பம் நட்டு விளக்குகளைக் கட்டுவார்கள், திரை தொங்கவிடுவார்கள். மின்சாரம் எங்கிருந்து எடுப்பது, ஒப்பனை அறையை எங்கே வைப்பது, ஒலி பின்வரிசை வரை போகுமா என்று ஊருக்கு ஊர் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். சாயங்காலம் முகத்துக்குச் சாயம், ராத்திரி நாடகம். முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு அதே கைகள் எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றும். காலையில் அடுத்த ஊர். இப்படி ஒரு பயணத்தில் நூறுக்கு மேற்பட்ட காட்சிகள் போட்ட வருடங்கள் உண்டு.

இதில் நான் முக்கியமாகச் சொல்லவேண்டியது உள்ளூரில் ஏற்பாடு செய்கிறவரைப் பற்றி. குழு தானாக ஓர் ஊரில் போய் இறங்குவதில்லை. அங்கே ஓர் இளைஞர் சங்கமோ, ஆசிரியர்களோ, ஒரு கலைக் குழுவோ கூப்பிட வேண்டும். அவர்கள் ஒரு தொகை கொடுக்க வேண்டும், சாப்பாடும் தங்குமிடமும் ஏற்பாடு செய்ய வேண்டும், டிக்கெட்டை வீடு வீடாகப் போய் விற்க வேண்டும். தொகை உண்மையான செலவுக்கு ஈடாகாது, மிச்சத்தை நிறுவனம் மானியத்தாலும் நன்கொடையாலும் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. இலவசமாகவே போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். இலவசமாகப் போட்டால் ஊருக்கு அதில் பொறுப்பு இல்லை. காசு வாங்கி டிக்கெட் விற்ற ஆசிரியர், நாடகம் நன்றாக இல்லையென்றால் மறுநாள் தெருவில் பதில் சொல்லியாக வேண்டும், நன்றாக இருந்தால் அடுத்த வருடம் அவரே முன்னால் நின்று கூப்பிடுவார். இப்படி வருடா வருடம் கூப்பிட்ட ஊர்களில் உள்ளூர் நாடகக் குழுக்களும் உயிர்த்திருந்தன. ஹெக்கோட்டில் நடந்தது சின்ன அளவில் வேறு பல இடங்களிலும் நடக்க இதுதான் வழியானது.

மஞ்சிகேரி

1983 முதல் இரண்டு மூன்று வருடம், ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதியோடு ஜனஸ்பந்தன என்ற திட்டம் நடந்தது. கர்நாடகத்தின் பல மூலைகளில் முகாம் போட்டு, உள்ளூர்க்காரர்களை வைத்தே நாடகம் தயாரிப்பது, உலகப் படங்கள் காட்டுவது. அமெரிக்க நிறுவனத்தின் பணம் வாங்கலாமா என்ற கேள்வி அந்தக் காலத்து இடதுசாரிக் கலைஞர்களிடம் பலமாக இருந்தது, இன்றும் அது நியாயமான கேள்விதான். ஒரு காலவரையறைக்குள் அந்தப் பணத்தை வாங்கி வேலையை முடித்துவிட்டு, அதை நம்பியே வாழாமல் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த முகாம்களில் ஒன்று எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். எல்லாப்பூர் தாலுகாவின் மஞ்சிகேரியில் அவர்களோடு ஒரு நாடகம் தயாரித்தார்கள். எடுத்துக்கொண்ட கதை நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவல், ஒரு ஆப்பிரிக்கக் கிராமத்துக்குள் வெள்ளையர் ஆட்சி நுழைந்து அதன் வாழ்வு குலைந்துபோவதைச் சொல்வது. அதைக் கன்னட நாடகமாக்கி, சித்திகளே நடித்தார்கள். தங்கள் முன்னோர் எந்தக் கண்டத்திலிருந்து வந்தார்களோ அந்தக் கண்டத்தின் கதையை, அவர்கள் இப்போது பேசும் மொழியில், அவர்களே மேடையேற்றினார்கள். யாரோ வெளியிலிருந்து வந்து அவர்களுடைய நடனத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிற வழக்கமான காட்சிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அந்த முகாம் ஒரு தடவை நடந்து முடிந்த நிகழ்ச்சியாகப் போய்விடவில்லை. பின்னாளில் சித்தி சமூகத்திலிருந்து இளைஞர்கள் நீனாசம் பள்ளிக்கு வந்து படித்தார்கள். கிரிஜா சித்தி, பிரசாந்த் சித்தி போன்றவர்கள் கன்னட மேடையிலும் திரையிலும் தெரிந்த முகங்கள். சமூகக் கலைத் திட்டத்தின் பலனை எப்படி அளப்பது என்று கேட்கிறவர்கள் வந்த தலைகளை எண்ணிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த மாதிரிப் பலனைப் பார்க்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும், அதற்குள் எந்தத் திட்ட அறிக்கையும் மூடப்பட்டுவிடும்.

குறைகள்

குறை சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமையாகாது. நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள ஹவ்யகப் பிராமணக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காகோடு போராட்டம் எழுந்த தாலுகாவில் இது சின்ன விஷயம் இல்லை. பள்ளியில் பலதரப்பட்ட சாதியினரும் படித்திருக்கிறார்கள், மஞ்சிகேரி மாதிரி வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் எந்த நாடகத்தைப் போடுவது, யாரைப் பேசக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். உலக இலக்கியத்தின் மேல் வைத்த பற்று அளவுக்கு உள்ளூர் யட்சகானத்தின் மேல் கவனம் இருந்ததா என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொன்று ஒரே மனிதரைச் சுற்றி வளர்ந்த நிறுவனத்தின் சிக்கல். சுப்பண்ணாவுக்கு 1991ல் மகசேசே விருது கிடைத்தது, 2005 ஜூலையில் அவர் காலமானார். அவருக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. டெல்லி நாடகப் பள்ளியிலும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் படித்த அவருடைய மகன் கே.வி. அட்சர முன்னிருந்து நடத்தினார். அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது வீட்டுக்குள்ளேயே நடந்ததில் வசதியும் உண்டு, வரம்பும் உண்டு. அது தொடர்ச்சியைக் காப்பாற்றியது என்பது உண்மை. இதைப் பார்த்து வேறு ஊரில் செய்ய நினைப்பவர்கள், அப்படி ஒரு குடும்பம் தங்களிடம் இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்று தனியாக யோசிக்க வேண்டும்.

படித்து வெளியே வந்தவர்களில் பலர் பெங்களூரில் சீரியலுக்கும் சினிமாவுக்கும் போய்விடுகிறார்கள் என்பதையும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, சாப்பாட்டுக்கு வழி வேண்டும். பயணக் குழுவில் சில வருடம் ஊர் ஊராகச் செட் தூக்கிய ஒருவர் எங்கே போனாலும் அந்தப் பழக்கத்தோடுதான் போகிறார். அவர்களில் சிலர் சொந்த ஊருக்குத் திரும்பிக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள், பள்ளிகளில் நாடக ஆசிரியர் ஆகியிருக்கிறார்கள்.

பக்கத்து பீமனகோணேயில், நாடக இயக்குநர் பிரசன்னா தொடங்கி வைத்த சரகா என்ற பெண்கள் கைத்தறிக் கூட்டுறவு இருக்கிறது. அது தனி அமைப்பு, இதோடு சேர்த்து எழுதுவது சரியில்லை. நாடகக்காரர் ஒருவர் நெசவு வேலைக்கு இடம் தேடியபோது இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: பெங்களூரிலிருந்து தாளகுப்பா போகும் ரயில் சாகர் வழியாகப் போகிறது, அங்கிருந்து ஹெக்கோட்டுக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். அக்டோபர் முகாமுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அந்த வருடத் தேதியை விசாரித்துக்கொண்டு போங்கள். பேச்செல்லாம் கன்னடத்தில்தான். நமக்குப் பாதி பிடிபடும், மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். ஒரு ராத்திரி நாடகத்தோடு திரும்பிவிடாமல், மறுநாள் காலை அதே நாடகத்தைப் பற்றி நடக்கும் விவாதத்துக்கும் இருங்கள். முதல்நாள் ராத்திரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று இயக்குநரிடம் கேள்வி கேட்பதை அங்கேதான் பார்க்க முடியும்.